வாயில்லாக் காய்

முற்றினாலும் வெடிக்காது இந்தக் காய்.
ஆறு விளிம்பு. தலையில் ஆறு கொம்பு.
ஆரஞ்சா சிவப்பா என்று
கடைசிவரை முடிவெடுக்காத தோல்.
குச்சினாஷி என்கிறார்கள் ஜப்பானில்.
தமிழ்க் காதில் குச்சியும் நாசியுமாக விழுகிறது.
அங்கே குச்சி என்றால் வாய்,
நாஷி என்றால் இல்லை.

உசுகியில், கப்பல் பட்டறைக்கு இறங்கும் சரிவில்
சாப்பாட்டுப் பெட்டி விற்கிறாள் கினுஎ.
வியாழன் தோறும் மஞ்சள் சோறு.
இரண்டு காயைக் கத்தியின் முதுகால் தட்டி
வெந்நீரில் போடுவாள்.
முதலில் ஒன்றும் நடக்காது.
முள்ளங்கி நறுக்கத் திரும்புவாள்.
மறுபடி பார்க்கையில்
கிண்ணத்தில் வெயிலைக் கரைத்துவிட்டு
யாரோ போயிருப்பார்கள்.
வடிகட்டி, அந்தத் தண்ணீரிலேயே அரிசி.
மிஞ்சிய சக்கையோடு முள்ளங்கி ஊறும்.
புத்தாண்டு என்றால்
சர்க்கரைவள்ளியும் அதில் வெந்து
கஷ்கொட்டைக்குப் பொன்முலாம் ஆகும்.

சோற்றில் மணமில்லை, தனி ருசியில்லை.
நிறம், வெறும் நிறம்.
பயறு வாங்க வக்கில்லாமல்
விசேஷத்துக்குச் சிவப்புச் சோறு ஆக்க முடியாதவர்கள்
கண்டுபிடித்த மஞ்சள் என்று ஊரில் ஒரு பேச்சு.
இருக்கலாம்.
ஏழ்மைக்கு இவ்வளவு பளபளப்பு
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

செடி, வேலியில் நின்றது.
வேலி யாருடையது என்று எந்தப் பத்திரத்திலும் இல்லை.
அந்தப் பக்கம் மொரிஹிகோ,
முப்பத்தெட்டு வருடம் கப்பல் தகடு பற்றவைத்தவர்.
கோணல் அவருக்கு ஆகாது.
ஒரு செப்டம்பரில் நூல் பிடித்து
வேலியை மட்டமாக வெட்டினார்.
அடுத்த வருடப் பூவைச் செடி
அதற்குள் கணுக்களில் முடிந்துவைத்திருந்தது
அவருக்குத் தெரியாது.

ஜூனில் வாசனை வரவில்லை.
நவம்பரில் காய் இல்லை.
கினுஎ சத்தம் போடவில்லை.
காலை வணக்கத்தை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.
பொட்டலப் பொடி வாங்கிக் கலக்கினாள்.
சோறு மஞ்சளாகத்தான் வந்தது,
சாலை போடுகிறவர்களின் சட்டை மாதிரி.
பட்டறைப் பையன்கள் குறை சொல்லாமல் தின்றார்கள்.
அதுவும் அவளுக்குக் கோபம்.

மொரிஹிகோவிடம் ஒரு கோ பலகை உண்டு.
செய்தித்தாளில் வரும் ஆட்டத்தைத்
தனியே வைத்து ஆடுவார்.
அதன் நான்கு கால்களும்
இந்தக் காயின் வடிவில் கடைந்தவை:
வேடிக்கை பார்ப்பவனே, வாயை மூடு என்று அர்த்தம்.
அன்று குனிந்து
உருண்ட ஒரு கருப்புக் கல்லை எடுக்கும்போது
காலைப் பார்த்தார்.
வெகு நேரம் நிமிரவில்லை.
முதுகுவலியாகவும் இருக்கலாம்.

டிசம்பரில், கடைக் கதவின் கொக்கியில்
ஒரு காகிதப் பை.
இருபத்து மூன்று காய்கள்.
சீட்டு இல்லை, பெயர் இல்லை.
மலைச் சரிவில் எங்கோ காடாய்க் கிடந்த புதரில் பறித்தவை;
சிலதில் காம்போடு இலையும்,
ஒன்றைப் பறவை கொத்தியிருந்தது.
வியாழக்கிழமை பெட்டி வாங்க வந்தார் மொரிஹிகோ.
சில்லறை எண்ணிய விரல்களில்
நகக்கண் வரை மஞ்சள்.
காயைப் பிளந்து பார்த்திருக்கிறார் மனிதர்,
உள்ளே என்ன இருக்கிறதென்று.
சோப்புக்குப் போகாது அது.
கினுஎ காசைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்,
பெட்டியில் இன்னொரு கரண்டி சோறு வைத்து அழுத்தினாள்.
இருவரும் பேசவில்லை.

மறுநாள் வேலியின் மேல்
பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.
அடியில் மட்டும் கறை.
எடுக்கப் போனவளிடம்
இலைகளுக்கு அந்தப் பக்கமிருந்து
பதினாறு மாதத்தில் முதல் வார்த்தை:
"உப்பு கம்மி."

"வெட்டத் தெரியாதவருக்கு
அது போதும்," என்றாள் கினுஎ.

வேலி இன்னும் வளரவில்லை.
உயரம் முழங்கைக்குத்தான் வருகிறது.
இந்த வருடம் கத்தரியைத் தொடுவதற்குமுன்
கேட்பார் என்று நினைக்கிறேன்.
கேட்காமலும் இருக்கலாம்.